பெயருக்கு ஏற்ற வாழ்வு



போடி நகரின் வீதிகளில் பொழுது புலருமுன்னே ஜீப்புகளின் உறுமல் கேட்கத் தொடங்கிவிடுகிறது. ஏலத் தோட்டங்களுக்கு வேலைக்குச் செல்லும் தாய்மார்கள் தூக்குச்சட்டியும் தலைத்துணியுமாக ஏறி அமர்கிறார்கள். வண்டிகள் முந்தலைத் தாண்டி, போடிமெட்டை நோக்கி வளைந்து வளைந்து மேலேறுகின்றன. மெட்டைக் கடந்தால் கேரள மாநிலம். முன்னாளில் அம்மலைப் பகுதி திருவிதாங்கூர் அரசுக்கு உரியதாயிருந்தது.

அந்தத் திருவிதாங்கூரின் தென்கோடியில், இன்று கன்னியாகுமரி மாவட்டம் என்று நாம் அழைக்கும் பகுதியில், பதினெட்டாம் நூற்றாண்டில் ஒருவர் வாழ்ந்தார். அவர் குருப்பட்டம் பெற்றவரல்லர்; துறவாடை உடுத்தியவரல்லர். அரசுப் பணியாளர், மனைவியோடு இல்லறம் நடத்தியவர். முப்பத்து மூன்றாம் வயதில் திருமுழுக்குப் பெற்றார். நாற்பது வயது நிறையுமுன் துப்பாக்கிக் குண்டுகளுக்கு இரையானார். அவர் கிறிஸ்தவராக வாழ்ந்த காலம் ஏழாண்டுகளுக்கும் குறைவு. அதிலும் ஏறத்தாழ மூன்றாண்டுகள் விலங்கு பூண்ட கைகளோடு கழிந்தன.

அவருடைய பெயர் தேவசகாயம். கடவுளின் உதவி என்பது அதன் பொருள். இப்படிப் பெயர் தாங்கிய ஒருவருக்குப் பதவி போயிற்று, உடைமை போயிற்று, உயிரும் போயிற்று. அப்படியானால் கடவுளின் உதவி எங்கே வந்தது? அவருடைய வாழ்க்கையை அறியத் தொடங்கும் எவர் உள்ளத்திலும் இக்கேள்வி எழும். அதை மனத்தில் வைத்துக்கொண்டு அவ்வாழ்க்கையைச் சற்றுப் பார்ப்போம்.

நட்டாலத்து நீலகண்டன்

1712-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் நாள், நட்டாலம் என்னும் சிற்றூரில் ஒரு வசதியான இந்துக் குடும்பத்தில் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் நீலகண்டன். குல வழக்கப்படி நீலகண்ட பிள்ளை என அழைக்கப்பட்டார். கல்வியும் போர்ப் பயிற்சியும் பெற்று வளர்ந்த அவர், தக்க வயதில் மேக்கோட்டைச் சேர்ந்த பார்கவி அம்மாளை மணந்தார். பத்மநாபபுரத்தைத் தலைநகராகக் கொண்டு மார்த்தாண்ட வர்மர் ஆண்ட காலம் அது. நீலகண்டர் அரண்மனைப் பணியில் சேர்ந்தார். உழைப்பாலும் நேர்மையாலும் மேலிடத்தாரின் நம்பிக்கையைப் பெற்றார். தம் முன்னோரின் சமயக் கடமைகளை அவர் பக்தியோடு கடைப்பிடித்து வந்தார் என்பதும் நாம் அறிய வேண்டிய செய்தி. இறைப்பற்று அவருக்குப் புதிதாக வந்ததன்று. இளமையிலிருந்தே அவர் தேடும் உள்ளம் படைத்தவராய் இருந்தார்.

உதயகிரியில் ஒரு நட்பு

1741-ஆம் ஆண்டு குளச்சல் கடற்கரையில் டச்சுக் கம்பெனியின் படையைத் திருவிதாங்கூர்ப் படை முறியடித்தது. ஐரோப்பியப் படையொன்றை இந்திய மன்னர் ஒருவர் வென்ற அப்போர் வரலாற்றில் புகழ் பெற்றது. அதில் சிறைப்பட்டவர்களுள் ஒருவர் தெலனாய் என்ற படைத்தலைவர். அவருடைய திறமையைக் கண்ட மன்னர், அவரைக் கொல்லாமல் தம் படைக்குப் பயிற்சி அளிக்கும் பொறுப்பைக் கொடுத்தார். உதயகிரிக் கோட்டையை வலுப்படுத்தும் பணியும் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அப்பணியின் காரணமாக நீலகண்டரும் தெலனாயும் நாள்தோறும் பழக நேர்ந்தது.

அந்நாள்களில் நீலகண்டரின் குடும்பத்தில் அடுக்கடுக்காகத் துன்பங்கள் வந்தன. கால்நடைகள் மடிந்தன, பயிர்கள் அழிந்தன. உழவரின் வீட்டில் மாடு மடிந்தால் என்ன நேரும் என்பதை நம் பக்கத்துப் பெண்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. தெய்வக் குற்றமோ, யாருடைய சாபமோ என்று கலங்கிய அவர், தம் மனப்பாரத்தைத் தெலனாயிடம் சொன்னார். கத்தோலிக்கரான தெலனாய் அவருக்கு விவிலியத்திலிருந்து யோபுவின் கதையை எடுத்துரைத்தார்.

யோபு நேர்மையாளர், செல்வர், நிறைந்த குடும்பம் உடையவர். ஒரே நாளில் அவருடைய மந்தைகள் பறிபோயின, பிள்ளைகள் மாண்டனர். பின்னர் உடலெல்லாம் புண்ணாயிற்று. அவருடைய நண்பர்கள் வந்து, நீ ஏதோ பாவம் செய்திருப்பாய், அதனால்தான் இத்தண்டனை என்று வாதிட்டனர். யோபு அதை ஏற்கவில்லை. அழுதார், கேள்வி கேட்டார், கடவுளோடு வழக்காடினார். ஆனால் கடவுளை விட்டு அகலவில்லை. முடிவில் கடவுள் கடிந்துகொண்டது அந்த நண்பர்களைத்தான்.

துன்பம் என்றால் அது கடவுளின் கோபம் என்ற எண்ணத்திலிருந்து நீலகண்டரை இக்கதை விடுவித்தது. துன்பப்படுகிறவன் கடவுளால் கைவிடப்பட்டவனல்லன் என்பது கிறிஸ்தவ நம்பிக்கையின் அடிப்படைகளுள் ஒன்று. ஒரு குற்றமும் செய்யாத இயேசு சிலுவையில் அறையப்பட்டார் என்றும், மனிதரின் வேதனைக்குள் கடவுளே இறங்கி வந்தார் என்றும் திருச்சபை அறிக்கையிடுகிறது. இழந்த மாடுகளை நினைத்து வருந்திய ஒரு மனிதரின் உள்ளத்தில் முதலில் வேர் பிடித்த கிறிஸ்தவ உண்மை இதுவே. மாடுகளைத் திரும்பப் பெறும் வழியை அவர் கேட்கவில்லை. அத்தகைய கடவுளை அறியும் வழியையே கேட்டார்.

வடக்கன்குளத்தில் புதுப்பெயர்

அரண்மனைப் பணியாளர் ஒருவர் கிறிஸ்தவராவது அந்நாளில் ஆபத்தான செயல். ஆகவே திருவிதாங்கூர் எல்லைக்கு அப்பால், திருநெல்வேலிச் சீமையிலிருந்த வடக்கன்குளத்திற்கு அவர் சென்றார். அங்கே இயேசு சபைக் குருவான புத்தாரி அடிகளார் மறைப்பணி செய்துகொண்டிருந்தார். மக்கள் அவரைத் தமிழில் பரஞ்சோதிநாதர் என்று அழைத்தனர். தெலனாயின் பரிந்துரைக் கடிதத்தோடு வந்தவரை அடிகளார் உடனே ஏற்றுக்கொண்டுவிடவில்லை. வரவிருக்கும் இடர்களை எடுத்துச் சொல்லி, உறுதியைச் சோதித்த பின்னரே இசைந்தார். 1745-ஆம் ஆண்டு மே 14-ஆம் நாள் நீலகண்டர் திருமுழுக்குப் பெற்றார்.

அவருக்கு லாசர் என்ற பெயர் சூட்டப்பட்டது. எபிரேய மொழியில் அதன் பொருள் கடவுள் உதவினார் என்பது. அதையே தமிழில் தேவசகாயம் என்று வழங்கினர். நற்செய்தியில் லாசர் என்ற பெயரில் இருவர் வருகின்றனர். ஒருவர், இறந்து நான்கு நாள் ஆன பின் இயேசுவால் உயிர்ப்பிக்கப்பட்ட பெத்தானியா ஊரார். மற்றவர், இயேசு சொன்ன உவமையில் செல்வனின் வாயிலில் புண்ணோடும் பசியோடும் கிடந்த ஏழை. புதுக் கிறிஸ்தவர் தம் பெயரால் இவ்விருவருக்கும் உறவானார். செல்வத்திலிருந்து வறுமைக்கும், சாவிலிருந்து வாழ்வுக்கும் செல்லும் பாதை அவருக்கு முன்னே கிடந்தது.

கணவர் எடுத்துரைத்த நம்பிக்கையைப் பார்கவி அம்மாளும் ஏற்றார். தெரேசா என்ற பெயரைத் தமிழாக்கி, ஞானப்பூ என்று அவரை அழைத்தனர்.

நம்பிக்கை நடைமுறைக்கு வந்தது

நம்மில் கிறிஸ்தவப் பிள்ளைகள் ஞாயிறுதோறும் விசுவாசப் பிரமாணத்தை ஒப்புவிக்கிறோம். விண்ணையும் மண்ணையும் படைத்த தந்தையாகிய கடவுளை நம்புவதாகத் தொடங்குகிறோம். வாய் பழகிப்போன சொற்களாதலால் அவற்றின் பாரம் நமக்குத் தெரிவதில்லை. தேவசகாயம் வளர்ந்த வயதில் அவற்றைக் கற்றவர். அவர் அவற்றை அப்படியே எடுத்துக்கொண்டார். கடவுள் எல்லோருக்கும் தந்தையானால் மனிதர் எல்லோரும் உடன்பிறப்புகள். உடன்பிறந்தாரோடு அமர்ந்து உண்ணத் தயங்குவது எப்படி?

இன்னார் இன்ன தூரத்தில் நிற்க வேண்டும், இன்னார் இன்ன தெருவில் நடக்கக் கூடாது என்று சாதி கட்டளையிட்ட காலம் அது. மேற்குலத்தில் பிறந்து அரசுப் பதவியும் வகித்த தேவசகாயம், ஒடுக்கப்பட்டவர்களின் குடிசைகளுக்குச் சென்றார், அவர்களோடு அமர்ந்தார், உண்டார், வேண்டினார். மறையுரை ஆற்றும் குருவாக அவர் இருந்ததில்லை. ஒரே பந்தியில் அமர்ந்ததே அவருடைய மறையுரையாயிற்று. அவர்மீது பலருக்குச் சினம் மூண்டது இதனால்தான். அவர் தனியாகக் கண்மூடி வேண்டியிருந்தால் அது ஒருவேளை பொறுக்கப்பட்டிருக்கும். அந்த வேண்டுதல் தெருவுக்கு வந்து, அடுத்தவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்தபோது அது குற்றமாகத் தெரிந்தது.

எருமையும் எருக்கமாலையும்

அரச துரோகம் உள்ளிட்ட குற்றச்சாட்டுகள் அவர்மீது சுமத்தப்பட்டன. 1749-ஆம் ஆண்டு பெப்ருவரி 23-ஆம் நாள் அவர் கைது செய்யப்பட்டார். புதிய மறையைக் கைவிட்டால் பழைய நிலையைத் திரும்பப் பெறலாம் என்று பலமுறை கூறப்பட்டது. அவர் இணங்கவில்லை.

குற்றவாளிகளை இழிவுபடுத்தும் அக்கால வழக்கப்படி, எருக்கம்பூ மாலை சூட்டி, எருமையின்மேல் பின்புறம் நோக்கி அமர்த்தி, ஊர் ஊராக அவரைக் கொண்டு சென்றனர். பிரம்பால் அடித்தனர். அடிபட்ட புண்களில் மிளகுப் பொடியைத் தடவினர். மிளகுப் புகையை முகரச் செய்தனர். நம் மலைச் சரிவுகளில் மரங்களைப் பற்றிப் படரும் அதே மிளகு! மிளகு இடித்த கையைத் தவறிக் கண்ணில் வைத்துவிட்டுத் துடித்த அனுபவம் நம்மில் பலருக்கு இருக்கும். அந்த ஒரு நொடியை வைத்து அவருடைய நாள்களை நாம் ஓரளவு ஊகித்துக்கொள்ளலாம்.

புலியூர்க்குறிச்சியில் ஒரு பாறை இருக்கிறது. தாகத்தால் வாடிய அவர் அதன்மேல் முழங்கையால் இடித்து இறைவனை வேண்ட, நீர் சுரந்தது என்று மக்கள் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். முட்டிடிச்சான் பாறை என்று அதற்குப் பெயர். பெருவிளையில் அவரைத் திறந்த வெளியில் ஒரு வேப்பமரத்தில் சங்கிலியால் பிணைத்து வைத்தனர். வெயிலிலும் மழையிலும் அங்கே கிடந்த கைதியைப் பார்க்க மக்கள் வரத் தொடங்கினர். துன்புறுத்த வைக்கப்பட்டிருந்தவர்களிடமும் அவர் கனிவோடு பழகினார். தம்மிடம் ஆறுதல் தேடி வந்தவர்களுக்காக வேண்டினார். கட்டுண்டு கிடந்தவர் கட்டின்றித் திரிந்தவர்களைத் தேற்றினார்!

பகைவரை மன்னிக்க வேண்டும் என்பது இயேசுவின் போதனைகளில் கடினமானது. ஒருவர் செய்த தீங்கை மறந்துவிடுவதைவிட, தீங்கு செய்துகொண்டே இருப்பவரை மன்னிப்பது இன்னும் கடினம். அதற்கு மனித மனத்தின் வலிமை போதாது. மேலிருந்து உதவி வேண்டும். தேவசகாயம் என்ற பெயரின் பொருள் இங்கேதான் நமக்குச் சிறிது சிறிதாக விளங்கத் தொடங்குகிறது. சங்கிலி அறுந்து விழவில்லை. ஆனால் அச்சங்கிலியால் அவர் உள்ளத்தில் வெறுப்பை வளர்க்க முடியவில்லை.

காற்றாடிமலை

இறுதியில் அவரை ஆரல்வாய்மொழிக்குக் கொண்டு சென்றனர். மலைகள் விலகி வழிவிட, காற்று ஓயாமல் வீசும் கணவாய் அது. அங்கும் மக்கள் அவரைத் தேடி வந்தனர். கூட்டம் பெருகப் பெருக, அவரை உயிரோடு விட்டுவைக்க விரும்பாதவர்களின் கையும் ஓங்கியது. 1752-ஆம் ஆண்டு சனவரி 14-ஆம் நாள், அவ்வூரின் காற்றாடிமலையில் படைவீரர்கள் அவரைச் சுட்டுக் கொன்றனர். அப்போது அவருக்கு வயது முப்பத்தொன்பது. உடல் காட்டில் எறியப்பட்டது. பின்னர் நம்பிக்கையாளர்கள் எஞ்சியவற்றைச் சேகரித்துக் கோட்டாற்றுத் தூய சவேரியார் கோவிலில் அடக்கம் செய்தனர். இன்றும் அங்கே அவருடைய கல்லறையைக் காணலாம்.

சாவு முடிவன்று, இறந்தோர் உயிர்த்தெழுவர் என்ற நம்பிக்கை இல்லாமல் இப்படி ஒரு முடிவை ஒருவர் அமைதியாக ஏற்க இயலாது. இங்கே ஒன்றை நாம் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். அவர் சாவைத் தேடிப் போகவில்லை. வாழவே விரும்பினார், மனைவியை நேசித்தார். உண்மையை விற்று வாழ்வை வாங்க மட்டும் அவர் மறுத்தார்.

ஞானப்பூ அம்மாள்

இக்கதையைச் சொல்வோர் பலர் இங்கே நிறுத்திவிடுவார்கள். பெண்களாகிய நாம் இன்னும் சற்றுத் தொடர வேண்டும். கணவர் கைதானபோது ஞானப்பூ அம்மாளுக்கும் எல்லாம் பறிபோயிற்று. அரண்மனை அலுவலரின் மனைவி என்ற மதிப்புப் போய், குற்றவாளியின் மனைவி என்ற பெயர் வந்தது. உறவினரிடம் திரும்பிச் சென்று பழைய வாழ்வை மேற்கொள்ள அவருக்கு வழி இருந்திருக்கும். அவர் அதைத் தேர்ந்துகொள்ளவில்லை. கணவர் இறந்த பின் வடக்கன்குளத்தில் தங்கி, தாம் ஏற்ற நம்பிக்கையில் நிலைத்திருந்து, அங்கேயே கண்மூடினார். அவருடைய கல்லறையும் அவ்வூரில் உள்ளது.

கணவருக்கு நேர்ந்த சோதனை மூன்றாண்டில் முடிந்தது. மனைவிக்கு அதன் பின்னும் நாள்தோறும் விடிந்தது. நாள்தோறும் அடுப்பு மூட்ட வேண்டியிருந்தது. நாள்தோறும் நம்ப வேண்டியிருந்தது. ஒருநாள் துணிவைவிட இத்தகைய நெடுநாள் துணிவு எளிதானதா என்று நாம் எண்ணிப் பார்க்கலாம். நம் தாய்மார்களில் பலர் இந்த இரண்டாம் வகைத் துணிவோடுதான் விடியற்காலை ஜீப்பில் ஏறுகிறார்கள்.

எழும்பிய சுவரும் விழுந்த சுவரும்

தேவசகாயம் திருமுழுக்குப் பெற்ற அதே வடக்கன்குளத்தைப் பற்றி வருத்தத்தோடு ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும். 19-ஆம் நூற்றாண்டில் அங்கே கட்டப்பட்ட கோவில், இரு பிரிவு மக்கள் ஒருவரோடொருவர் கலவாமல் தனித்தனியே அமரும்படி இரண்டு கைகளாக அமைந்தது. நடுவே தடுப்பு இருந்தது. பீடம் ஒன்று, அப்பம் ஒன்று, அமரும் இடம் மட்டும் இரண்டு! 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அத்தடுப்பு இடிக்கப்பட்டது. அதை எதிர்த்து நீதிமன்றம் வரை சென்றவர்களும் உண்டு. ஒரே பந்தியில் அமர்ந்தவர் புதுப்பெயர் பெற்ற ஊரிலேயே இது நடந்தது. ஒரு புனிதரைப் போற்றுவது எளிது. அவர் அமர்ந்த இடத்தில் நாமும் அமர்வது கடினம் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

கொச்சி ஆயர் 1756-ஆம் ஆண்டிலேயே தேவசகாயத்தின் சாவைப் பற்றி உரோமைக்கு அறிக்கை அனுப்பினார். ஆயினும் நெடுங்காலம் கடந்தது. அவர் கொல்லப்பட்ட காரணத்தைப் பற்றி வரலாற்றாளரிடையே மாறுபட்ட கருத்துகளும் இருந்தன. விரிவான ஆய்வுக்குப் பின், அவர் நம்பிக்கையின் பொருட்டே உயிர் கொடுத்தார் எனத் திருச்சபை முடிவு செய்தது. 2012-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள் நாகர்கோவிலில் அருளாளர் பட்டமும், 2022-ஆம் ஆண்டு மே 15-ஆம் நாள் வத்திக்கானில் திருத்தந்தை பிரான்சிஸ் அவர்களால் புனிதர் பட்டமும் அவருக்கு வழங்கப்பட்டன. புனிதர் நிலைக்கு உயர்த்தப்பட்ட முதல் இந்தியப் பொதுநிலையினர் அவரே. சாதிப் பெயர் அவரோடு ஒட்டியிருப்பது அவருடைய வாழ்வுக்கே முரணானது என்று பலர் எடுத்துரைத்ததன் பயனாக, பிள்ளை என்ற ஒட்டு நீக்கப்பட்டது. திருமுழுக்கில் பெற்ற பெயர் மட்டும் நின்றது. அவரே துறந்த ஒன்றை அவர் பெயரிலிருந்து நீக்க நமக்கு இத்தனை காலம் ஆயிற்று.

நம் வகுப்பறையில்

தங்கையரே, நம் பள்ளியில் பல சமயங்களைச் சேர்ந்தவர்கள் ஒன்றாகப் படிக்கிறோம். இக்கட்டுரை எவரையும் சமயம் மாறச் சொல்லவில்லை. நாம் எதை நம்புகிறோம் என்று வாயால் சொல்கிறோமோ, அது நம் கையிலும் காலிலும் தெரிகிறதா என்பதே தேவசகாயம் நம் எல்லோரிடமும் கேட்கும் கேள்வி.

மதிய வேளையில் சோற்றுப் பாத்திரத்தைத் திறக்கும்போது யாரருகில் அமர்கிறோம்? மலையிலிருந்து இறங்கி வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் பெண்ணின் பேச்சுவழக்கைக் கேட்டுச் சிரிக்கிறோமா? அவளுடைய குடத்து நீரைக் குடிக்கிறோமா? வீட்டில் ஏலக்காய் வாடும் ஆண்டிலும், விலை விழும் ஆண்டிலும், நம் பெற்றோர் படும் துயரைக் கண்டு கடவுள் நம்மைக் கைவிட்டார் என்று சோர்கிறோமா? அல்லது யோபுவைப்போல் அழுதுகொண்டே அவர் கையைப் பற்றிக்கொள்கிறோமா? தேர்வில் பக்கத்தில் இருப்பவளின் விடைத்தாள் கண்ணில் படும்போது, யாரும் பார்க்காவிட்டாலும் பார்க்கிற ஒருவர் இருப்பதாக நம்புகிறோமா? நம்மைப் பற்றிப் பொய் சொன்ன தோழி மீண்டும் நம்மிடம் வந்து பேசும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறோமா?

இவை சிறிய செயல்கள்தாம். பத்மநாபபுரத்து அலுவலர் ஒருவர் ஒரு குடிசையின் வாயிலில் குனிந்து நுழைந்ததும் சிறிய செயல்தான்.

பொங்கலை ஒட்டி ஒவ்வோர் ஆண்டும் சனவரி 14 வருகிறது. புத்தரிசிப் பானை பொங்கும் அந்நாள்களில், காற்றாடிமலையில் விழுந்த அவரை ஒரு கணம் நினைப்போம். கடவுளின் உதவி அவருக்கு வந்தது. யோபுவின் கதை சொன்ன நண்பராக அது வந்தது. உடன் நம்பிய மனைவியாக வந்தது. வேப்பமரத்தடியில் வெறுப்பில்லாத உள்ளமாக வந்தது. அவரால் ஆறுதல் பெற்ற ஏழைகளுக்கோ, அவரே கடவுளின் உதவியாய் அமைந்தார். நாளைக் காலை பள்ளி மணி அடிக்குமுன், நம்மில் ஒருத்தி இன்னொருத்திக்கு அத்தகைய உதவியாய் அமையலாம். அதற்குப் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை. இருக்கையைச் சற்று நகர்த்தி இடம் கொடுத்தாலே போதும்.